வகுப்பறை வெக்கையும் மலைப் பிள்ளைகளும்

நீலகிரியில் வாழும் நமக்கு வெயிலைப் பற்றிய அச்சம் குறைவு. ஆயினும் 2024 ஏப்ரல் இறுதியில் உதகையில் 29 டிகிரி செல்சியஸ் பதிவாயிற்று. அம்மாத இயல்பைவிட இது ஏறத்தாழ 5 டிகிரி மிகுதி. அடுத்துவந்த ஜூன் மாதத்தில், வெப்பத்தின் காரணமாகத் தமிழகப் பள்ளிகளின் திறப்பு 6-ஆம் தேதியிலிருந்து 10-ஆம் தேதிக்குத் தள்ளிவைக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டிலும் இதே காரணத்தால் ஜூன் நடுப்பகுதி வரை திறப்பு தள்ளிப்போயிற்று.

தேயிலைத் தோட்டக் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் மேட்டுப்பாளையத்திலும் கோவையிலும் விடுதிகளில் தங்கிப் பயில்கின்றனர். அவர்களை மனத்திற்கொண்டும், நாட்பட்ட நோயுள்ள பிள்ளைகளை மனத்திற்கொண்டும் இக்கட்டுரையை எழுதுகிறோம்.

மலை உடலும் சமவெளி வெயிலும்

கிளென்மார்கனின் விளிம்பில் நின்று கீழே நோக்கினால் சிங்காரா மின்நிலையம் இருக்கும் பள்ளத்தாக்கு தெரியும். மேலிருந்து குழாய்வழியே பாயும் நீர் 900 மீட்டருக்கும் மேலான உயரத்திலிருந்து இறங்கி அங்கு மின்சாரம் ஆகிறது. 1,000 மீட்டர் இறங்கினால் காற்றின் வெப்பம் பொதுவாக 6 டிகிரி அளவில் கூடும். ஆகவே இங்கு இதமாக இருக்கும் அதே நாளில் சிங்காராவில் வியர்க்கும், கோவையில் வாட்டும்.

குளிருக்குப் பழகிய உடல் வெப்பத்திற்குப் பழக ஒன்று முதல் இரண்டு வாரங்கள் வேண்டும். அந்நாட்களில்தான் வியர்வை விரைவாகச் சுரக்கவும், வியர்வையில் வெளியேறும் உப்பு குறையவும் உடல் கற்றுக்கொள்கிறது. எனவே கோடை விடுமுறையை மலையில் கழித்துவிட்டு ஜூனில் விடுதிக்குத் திரும்பும் பிள்ளை, முதல் இரண்டு வாரங்கள் நண்பகல் விளையாட்டையும் ஓட்டப் பயிற்சியையும் குறைத்துக்கொள்வது நன்று.

ஏ.சி. நின்றவுடன் என்ன நேர்கிறது?

அமர்ந்திருக்கும் ஒரு பிள்ளையின் உடல், பழைய 60 வாட் குண்டு பல்பு ஒன்று தரும் அளவிற்கு வெப்பத்தை வெளியிடுகிறது. நாற்பது பிள்ளைகள் உள்ள அறையில் நாற்பது பல்புகள் எரிவதாகக் கொள்ளலாம். ஏ.சி. வைப்பதற்காகச் சன்னல்களை அடைத்த அறையில் மின்தடை ஏற்பட்டால் இவ்வெப்பம் வெளியேற வழியில்லை. மூச்சுக்காற்றின் ஈரமும் சேர்வதால் வியர்வை உலராது. வியர்வை உலரும்போதுதான் உடல் குளிர்கிறது. உலராமல் வழியும் வியர்வையால் நீரும் உப்பும் போவதன்றிப் பயனில்லை. இதனால்தான் ஏ.சி. நின்றுபோன மூடிய அறை, முன்னரே மின்விசிறியும் திறந்த சன்னலும் கொண்டிருந்த அறையைவிட விரைவில் துன்பம் தருகிறது.

அத்தகைய வேளையில் செய்யத்தக்கவை:

- எதிரெதிர்ப் பக்கங்களில் உள்ள கதவுகளையும் சன்னல்களையும் உடனே திறக்க வேண்டும். வெயில் நேராக விழும் சன்னலுக்கு மட்டும் திரையிடலாம்.
- தகரக் கூரை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை, மேல்மாடிக் கான்கிரீட் கூரை ஆகியவற்றின் கீழுள்ள வகுப்பைத் தரைத்தளத்திற்கோ, நிழலுள்ள தாழ்வாரத்திற்கோ, மரத்தடிக்கோ மாற்ற வேண்டும். கான்கிரீட் பகலெல்லாம் வாங்கிய வெப்பத்தை மாலையிலும் உமிழும்.
- கழுத்துப்பட்டை, காலணி, காலுறை ஆகியவற்றைக் கழற்ற ஒப்புதல் தரலாம்.
- முகம், கழுத்து, முன்கை ஆகியவற்றை ஈரத்துணியால் துடைக்கச் செய்யலாம். ஈரத் தோலின்மீது காற்று படுவதே சிறந்த குளிரூட்டல். அறையின் வெப்பம் 40 டிகிரியைக் கடந்தால் மின்விசிறி சூடான காற்றையே உடல்மீது வீசும். அப்போது அதை நம்பியிருத்தல் கூடாது.

கூரைமீது வெள்ளைச் சுண்ணாம்பு பூசுவது அறையின் வெப்பத்தைச் சில டிகிரி குறைக்கும். செலவு மிகக் குறைந்த இவ்வழியைப் பெற்றோர் கூட்டங்களில் நீங்கள் எடுத்துரைக்கலாம்.

தண்ணீரும் கழிப்பறையும்

2025-ஆம் ஆண்டில் தமிழகப் பள்ளிகளில் 'தண்ணீர் மணி' முறை கொண்டுவரப்பட்டது. காலை 11, பகல் 1, பிற்பகல் 3 ஆகிய வேளைகளில் மணி ஒலிக்கும்போது பிள்ளைகள் இருந்த இடத்திலேயே தண்ணீர் அருந்துவர். வரவேற்கத்தக்க ஏற்பாடு இது. ஆனால் மணி ஒலித்தும் பல பிள்ளைகள் குடிப்பதில்லை. கழிப்பறை தூய்மையாக இல்லை, தாழ்ப்பாள் இல்லை, வகுப்பு நடக்கையில் வெளியே செல்ல அனுமதி கிடைப்பதில்லை என்பன அவர்கள் சொல்லும் காரணங்கள். பூப்பெய்திய பெண்பிள்ளைகள் காலையிலிருந்தே நீரைத் தவிர்க்கின்றனர். இதன் விளைவு வெப்பச் சோர்வோடு நிற்பதில்லை. சிறுநீர்த் தொற்றும் மலச்சிக்கலும் தொடர்கின்றன.

ஆகவே "தண்ணீர் குடித்தாயா?" என்று கேட்கும்போது, "கழிப்பறைக்குச் சென்றாயா?" என்றும் கேளுங்கள். மாலை வீடு திரும்பும்வரை ஒருமுறையும் சிறுநீர் கழிக்கவில்லை என்றாலும், சிறுநீர் அடர்மஞ்சளாக இருந்தாலும், உடலில் நீர் குறைந்துள்ளது என்று பொருள்.

கூடுதல் கவனம் வேண்டிய பிள்ளைகள்

*அரிவாள் அணுச் சோகை:* இந்தியாவில் இந்நோய்க்கூறு முதன்முதலாக 1952-இல் அறியப்பட்டது நீலகிரிப் பழங்குடி மக்களிடையேதான். உடலில் நீர் குறைந்தால் இரத்த அணுக்கள் அரிவாள் வடிவில் வளைந்து நுண்குழாய்களை அடைக்கும். கடும் வலி தோன்றும். இப்பிள்ளைகளின் சிறுநீரகம் நீரைத் தேக்கிவைக்க இயலாதது. எனவே அவர்கள் மிகுதியாகக் குடிக்கவும் வேண்டும், அடிக்கடி கழிப்பறைக்குச் செல்லவும் வேண்டும். அந்த அனுமதியை மறுப்பது மருந்தை மறுப்பதற்கு ஒப்பாகும். திடீர்க் குளிர்ச்சியும் வலியைத் தூண்டும் என்பதால் பனிக்கட்டியோ மிகக் குளிர்ந்த நீரோ இவர்கள்மீது ஊற்றக்கூடாது. சாதாரண நீரால் துடைத்தால் போதும்.

*வலிப்பு நோய்:* டோபிரமேட், சோனிசமைடு ஆகிய மருந்துகள் வியர்வையைக் குறைக்கக்கூடும். இவற்றை உட்கொள்ளும் பிள்ளையின் உடல் எளிதில் சூடேறும். மருந்தை நீங்களாக நிறுத்தவேண்டா. எங்களிடம் கலந்து பேசுங்கள்.

*நீரிழிவு:* வெயில்படும் பையிலோ பேருந்திலோ வைத்த இன்சுலின் ஆற்றல் இழக்கும். குளிர்பெட்டி இல்லாத இடத்தில், ஈரமணல் நிரப்பிய மண்பானைக்குள் சிறு கலத்தில் இட்டு நிழலில் வைக்கலாம்.

*சிறுநீரக, இதய நோய்கள்:* நாளொன்றுக்கு இவ்வளவே நீர் என்று அளவு குறிக்கப்பட்ட பிள்ளைக்குப் பொது அறிவுரை பொருந்தாது. கோடைக்கான அளவை மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

எப்போது அஞ்ச வேண்டும்?

தலைவலி, தலைசுற்றல், குமட்டல், தசைப்பிடிப்பு, மிகுந்த வியர்வை ஆகியன வெப்பச் சோர்வின் அறிகுறிகள். பிள்ளையை நிழலில் கிடத்திக் கால்களைச் சற்று உயர்த்தி, ஆடையைத் தளர்த்தி, தண்ணீரோ ஓ.ஆர்.எஸ். கரைசலோ சிறிது சிறிதாகக் கொடுங்கள். ஒரு லிட்டருக்கு உரிய பொட்டலத்தை முழுதாக ஒரு லிட்டர் நீரில் கரைக்க வேண்டும்; பாதி நீரில் பாதித் தூள் எனக் கண்ணளவில் கலக்கக்கூடாது. அரை மணி நேரத்தில் தெளிவு வராவிடில் மருத்துவமனைக்கு அழைத்துவாருங்கள்.

குழப்பமான பேச்சு, தள்ளாட்டம், வலிப்பு, மயக்கம் ஆகியவற்றோடு உடல் கொதித்தால் அது வெப்பவாதம், உயிருக்கு ஆபத்து. தோல் உலர்ந்திருந்தால்தான் வெப்பவாதம் என்று எண்ணிக் காத்திராதீர்கள். வியர்த்திருக்கும்போதும் அது நேரலாம். உடனே 108-ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை உடல் முழுவதையும் நீரால் நனைத்து விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடையிடுக்கு ஆகிய இடங்களில் ஈரத்துணி வையுங்கள். நினைவு தெளிவாக இல்லாத பிள்ளையின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். பாராசிட்டமால் இவ்வெப்பத்தைத் தணிக்காது. அதைக் கொடுக்க வேண்டா.

பள்ளிக்கு ஒரு கடிதம்

பிள்ளைக்கு நாட்பட்ட நோய் இருப்பின், அடுத்தமுறை மருத்துவரைக் காணவரும்போது பள்ளிக்கான கடிதம் ஒன்றைக் கேட்டுப் பெறுங்கள். நோயின் பெயர், உட்கொள்ளும் மருந்துகள், தண்ணீர்ப் புட்டியை மேசைமேல் வைத்துக்கொள்ளும் உரிமை, கேட்டவுடன் கழிப்பறைக்குச் செல்லும் அனுமதி, அவசரத்தில் அழைக்கவேண்டிய எண் ஆகிய ஐந்தும் அதில் இருக்கட்டும். ஒரு படியை வகுப்பாசிரியரிடமும், மற்றொன்றை விடுதிக் காப்பாளரிடமும் நேரில் கொடுங்கள். கூச்சத்தால் வாய்திறவாத பிள்ளைக்காக அக்கடிதம் பேசும்.