ஓர் இரவில் முடிவாகும் கிண்ணம்

ஐரோப்பியக் கூடைப்பந்துக் கழகங்களுக்கிடையே நடைபெறும் மிக உயரிய போட்டி யூரோலீக் ஆகும். பொதுவாக அக்டோபர் வாக்கில் தொடங்கி மே மாதம் வரை இப்போட்டி நீடிக்கும். 2022–2023 பருவத்தில் 18 அணிகள் இதில் பங்கேற்றன. ஒவ்வோர் அணியும் மற்ற 17 அணிகளைச் சொந்த ஊரில் ஒருமுறையும் வெளியூரில் ஒருமுறையும் சந்தித்தது. ஆக, ஓர் அணிக்கு 34 ஆட்டங்கள். பட்டியலில் முதல் எட்டு இடங்களைப் பிடித்த அணிகள் காலிறுதிக்குச் சென்றன. காலிறுதியிலும் ஒரே ஆட்டத்தில் முடிவு கிடைத்துவிடாது. முதலில் மூன்று ஆட்டங்களை வெல்லும் அணியே முன்னேறும்.

அதுவரை ஓர் ஆட்டத்தில் சறுக்கினாலும் அடுத்த ஆட்டத்தில் ஈடுகட்டலாம். எஞ்சிய நான்கு அணிகள் மோதும் ‘இறுதி நால்வர்’ சுற்றில் அந்த வாய்ப்பு இல்லை. முன்கூட்டியே தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு நகரில் அவை கூடும். வெள்ளிக்கிழமை இரண்டு அரையிறுதி ஆட்டங்கள், ஞாயிற்றுக்கிழமை இறுதியாட்டம். ஒவ்வொன்றும் 40 நிமிடம். தோற்றால் மறுவாய்ப்பு கிடையாது. 1988ஆம் ஆண்டு பெல்ஜியத்தின் கெண்ட் நகரில் நடந்த சுற்றுக்குப் பிறகு, பெரும்பாலும் இம்முறையே பின்பற்றப்பட்டு வருகிறது.

அமெரிக்காவின் என்.பி.ஏ. போட்டியில் நான்கு ஆட்டங்களை வென்றால்தான் வெற்றியாளர் ஆகமுடியும். அப்படியானால் ஐரோப்பிய முறை நியாயமானதா? இக்கேள்விக்குக் கிரேக்க நாட்டின் ஒலிம்பியாகோஸ் அணியைக் கேட்டால் இரண்டு விதமான பதில்கள் கிடைக்கக்கூடும்.

2012ஆம் ஆண்டு இஸ்தான்புல் நகரில் இறுதியாட்டம் நடைபெற்றது. வலிமைமிக்க சி.எஸ்.கே.ஏ. மாஸ்கோ அணியே வெல்லும் எனப் பலரும் எண்ணினர். மூன்றாம் கால்பகுதியில் ஒலிம்பியாகோஸ் 19 புள்ளிகள் பின்தங்கியது. அரங்கில் இருந்தோர் ஆட்டம் முடிந்துவிட்டதாகவே நினைத்திருப்பர். ஆனால், புள்ளி இடைவெளி சிறிது சிறிதாகக் குறைந்தது. ஏறத்தாழ 10 நொடிகள் எஞ்சியிருந்தபோது மாஸ்கோ ஒரு புள்ளி முன்னிலையில் இருந்தது. அவ்வணிக்கு, யாரும் தடுக்காமல் கூடையை நோக்கிப் பந்தை வீசும் இரண்டு வாய்ப்புகள் கிடைத்தன. இரண்டும் தவறின. உடனே ஸ்பனூலிஸ் பந்துடன் விரைந்து, பிரிண்டெசிஸிடம் கொடுத்தார். அவர் மென்மையாகத் தூக்கி எறிந்த பந்து கூடைக்குள் விழுந்தபோது ஒரு நொடிகூட முழுதாக மீதமில்லை. ஒலிம்பியாகோஸ் 62–61 எனும் புள்ளிக்கணக்கில் வாகை சூடியது.

பதினோர் ஆண்டுகளுக்குப் பிறகு நிலைமை தலைகீழானது. 2023இல் 34 ஆட்டங்களின் முடிவில் பட்டியலின் முதலிடத்தில் இருந்தது அதே ஒலிம்பியாகோஸ்தான். லித்துவேனியாவின் கவுனாஸ் நகரில் நடந்த இறுதியாட்டத்தில் அது ஸ்பெயினின் ரியால் மாட்ரிட் அணியைச் சந்தித்தது. மாட்ரிட், காலிறுதியில் முதல் இரண்டு ஆட்டங்களையும் இழந்து, அடுத்த மூன்றையும் வென்று தப்பி வந்த அணி. இறுதியாட்டத்தில் ஒலிம்பியாகோஸின் வெசன்கோவ் தனியொருவராக 29 புள்ளிகள் குவித்தார். ஆனாலும், கடைசி மூன்று நொடிகள் இருக்கையில், 35 வயது செர்ஹியோ யுல் தம்மைவிட மிக உயரமான தடுப்பாளரின் கைக்கு மேலாகப் பந்தை வீசினார். அதுவரை அவர் ஒரு புள்ளிகூட எடுத்திருக்கவில்லை! மாட்ரிட் 79–78 என வென்றது.

நீண்ட பட்டியல் ஓர் அணியின் திறமையைச் சரியாக அளக்கும் என்பதில் ஐயமில்லை. அந்த வகையில் இறுதி நால்வர் முறையில் நியாயம் சற்றுக் குறைவுதான். எனினும், 19 புள்ளிகள் பின்தங்கிய அணியும் நம்பிக்கை இழக்காமல் ஆடுவதற்கு இம்முறையே காரணம். வலிமையான எதிரணியை நான்கு முறை வெல்வது அரிது. ஒரு முறை வென்றால் போதும் என்றால் எவரும் முயல்வர்.

2025ஆம் ஆண்டு அபுதாபியில் இச்சுற்று நடந்தபோதும் ஒலிம்பியாகோஸ் முதலிடத்துடனேயே வந்து, அரையிறுதியில் மொனாக்கோவிடம் தோற்றது. முந்தைய ஆண்டு வெற்றியாளரான பனத்தினைகோஸ் அணியும் மற்றோர் அரையிறுதியில் துருக்கியின் ஃபெனர்பாசேயிடம் வீழ்ந்தது. ஏதென்ஸ் வட்டாரத்தின் பரம எதிரிகளான இவ்விரு கிரேக்க அணிகளும் மூன்றாம் இடத்துக்காக மோத நேர்ந்தது. அதில் ஒலிம்பியாகோஸ் வென்றது. கிண்ணத்தை ஃபெனர்பாசே எடுத்துச் சென்றது.