பிடியரிசிப் பானை

எங்கள் சபைக்கு மருமகளாக வரும் பெண்ணுக்கு முதல் மாதமே ஒரு சின்னப் பானையைக் கையில் கொடுத்துவிடுவார்கள். பிடியரிசிப் பானை என்று அதற்குப் பெயர். இப்போது மண்பானை போய் எவர்சில்வர் தூக்கும் பிளாஸ்டிக் டப்பாவும் வந்துவிட்டன. பெயர் மட்டும் பானைதான்!

வழக்கம் மிக எளியது. உலைக்கு அரிசி அளந்து எடுத்ததும், களைவதற்கு முன்னால், அதிலிருந்து ஒரு பிடி அள்ளிப் பானையில் போட்டுவிட வேண்டும். பகலுக்கு ஒரு பிடி, இரவுக்கு ஒரு பிடி. மாதக் கடைசியில் மூட்டையிலிருந்து மொத்தமாக அள்ளிப் போட்டுக் கணக்கை நேர் செய்வது எங்கள் பெரியவர்களுக்குப் பிடிக்காது. "நம்ம தட்டுல கொஞ்சம் குறையணும். அப்பதான் அது காணிக்கை" என்பார்கள்.

என் கைப்பிடியை ஒருநாள் தராசில் வைத்துப் பார்த்தேன். 40 கிராம் இருந்தது. நாளைக்கு 80 கிராம். மாதத்துக்கு 2 கிலோ 400 கிராம். வீட்டில் யாருக்கும் வித்தியாசமே தெரியாது. 40 வீடு சேர்ந்தால் 96 கிலோ ஆகிவிடுகிறது பாருங்கள்!

தமிழ்நாட்டில் பல கிறிஸ்தவ சபைகளில் இந்தப் பழக்கம் உண்டு. ஆனால் அந்த அரிசியை வாங்க வீடு வீடாகப் போய் வருகிறார்களே, அந்த நடையைப் பற்றித்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும் என்று இதை எழுத உட்கார்ந்தேன்.

மெத்தடிஸ்ட் கோயில்

திருச்சிக்குக் கிறிஸ்தவ ஆலயங்கள் புதிதல்ல. கோட்டைப் பகுதியில் ஸ்வார்ட்ஸ் ஐயர் கட்டிய கிறிஸ்து ஆலயம் 1766ஆம் ஆண்டைச் சேர்ந்தது. 1826 ஏப்ரலில் இதே ஊரில் காலமான பேராயர் ஹீபர், செயின்ட் ஜான்ஸ் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். பிஷப் ஹீபர் காலேஜ் என்றால் எந்த ஆட்டோக்காரருக்கும் தெரியுமே, அந்த ஹீபர்தான். வெஸ்லியன் மெத்தடிஸ்ட் மிஷனரிமார் 1817ல் சென்னைக்கு வந்தார்கள். அதே நூற்றாண்டில் பிற்பாடு நம் பக்கமும் ஊழியத்தைத் தொடங்கினார்கள். உறையூரில் உள்ள மெத்தடிஸ்ட் பெண்கள் பள்ளி அந்தப் பெயரை இன்றும் தாங்கி நிற்கிறது.

1947 செப்டம்பர் 27ஆம் தேதி, சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் ஆங்கிலிக்கன், மெத்தடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் சபைகள் ஒன்று சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை உருவாயிற்று. அன்று முதல் நாங்களும் சி.எஸ்.ஐ.தான், திருச்சி தஞ்சைத் திருமண்டலத்தைச் சேர்ந்தவர்கள். ஆனாலும் பழைய ஆட்கள் வாயில் இன்னும் 'மெத்தடிஸ்ட் கோயில்'தான்.

பேரோடு சில பழக்கங்களும் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டன. புது வருஷத் தொடக்கத்தில் நடக்கும் உடன்படிக்கை ஆராதனை, ஐக்கியமான திருச்சபைக்கு மெத்தடிஸ்ட் வீட்டிலிருந்து வந்த சீதனம். மற்றபடி எல்லாச் சபையிலும் உள்ளதுதான் எங்களிடமும். பிள்ளைகளுக்கு ஞாயிறு பள்ளி, கோடை லீவில் வேதாகமப் பள்ளி, டிசம்பர் மாதக் குளிரில் வீடு வீடாகப் போகும் கீதக் குழு, அறுப்பின் பண்டிகையில் ஏலம், பிறகு எல்லோரும் ஒரே பந்தியில் உட்காரும் அசனம். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காய் போகிற விலையைக் கேட்டால் காந்தி மார்க்கெட்காரர் மயங்கி விழுந்துவிடுவார்!

சனிக்கிழமைச் சுற்று

எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கம் 40 வீடுகளை நான்கு பகுதியாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஒரு பகுதிக்கு இரண்டு பேர். உறையூர், புத்தூர், தில்லைநகர் பக்கத்து வீடுகளுக்கு நடந்தே போய்விடுவோம். ஸ்ரீரங்கத்தில் இருப்பவை 6 வீடுகள். அதற்குச் சத்திரம் பஸ் ஸ்டாண்டு போய், ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்துக் காவிரியைத் தாண்ட வேண்டும். கையில் இரண்டு துணிப்பை, ஒரு நோட்டு.

இந்தச் சுற்றுக்கு எங்கள் மூத்தவர்கள் ஏற்படுத்திய சட்டதிட்டங்கள் உண்டு. எந்த வீட்டில் எவ்வளவு அரிசி என்று எழுதக் கூடாது. அந்தப் பகுதியின் மொத்தத்தை மட்டும் எழுத வேண்டும். ஒரு வீட்டில் பத்து நிமிஷத்துக்கு மேல் உட்காரக் கூடாது. ஒரு வீட்டில் கேட்டதை அடுத்த வீட்டில் சொல்லக் கூடாது. கடைசிச் சட்டத்தைக் காப்பாற்றுவதுதான் கஷ்டம் என்று சிரிப்பீர்கள். நிஜம்தான்! ஆனால் அதை மீறியவர்களுக்கு மறுபடி பை கொடுப்பதில்லை.

சேர்ந்த அரிசி மூன்று பங்காகும். ஒரு பங்கு அசனத்துக்கு. ஒரு பங்கை விற்று, அந்தப் பணத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம், பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியச் சாமான் என்று வாங்குவோம். மூன்றாவது பங்கு, அந்த மாதம் அடுப்பெரியச் சிரமப்படும் வீடுகளுக்கு. அரிசி வாங்கப் போகும் அதே சனிக்கிழமை, அதே துணிப்பையில்தான் அதைக் கொடுப்போம். பை உள்ளே போகிறதா, வெளியே வருகிறதா என்று எதிர் வீட்டுக்காரிக்குத் தெரியாது. கொடுப்பதற்கு இதைவிட மரியாதையான வழியை நான் பார்த்ததில்லை.

"இன்னும் எதுக்கும்மா இந்த அரிசி?"

சென்ற ஆண்டு சபைக் கூட்டத்தில் ஒரு தம்பி எழுந்து இப்படிக் கேட்டார். கேட்டதில் தப்பில்லை. ரேஷன் கடையில் 2011 ஜூன் மாதத்திலிருந்து அரிசி இலவசம். பொன்னி, இட்லி அரிசி, பச்சரிசி எல்லாம் ஒரே பையில் கலந்துவிட்டால் சோறு ஒன்று குழையும், ஒன்று வேகாது. மூட்டு வலியோடு அம்மாமார் வெயிலில் மாடி ஏறி இறங்குகிறார்கள். "வீட்டுக்கு மாதம் 150 ரூபாய் போனிலேயே அனுப்பிடலாம். கணக்கும் சுத்தமா இருக்கும்" என்றார்.

கடைசி வரிசையில் இருந்த ஒரு பெரியம்மா மெள்ள எழுந்தார். "தம்பி, 150 ரூபாய்னா நான் எங்க வீட்டுக்காரர்கிட்ட கேக்கணும். ஒரு பிடி அரிசிக்கு நான் யாரையும் கேக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார். கூட்டமே அமைதியாகிவிட்டது. சமையலறையில் அரிசியை அளக்கும் கை நம்முடையது. சம்பாதிக்காத பெண்ணும் தன் இஷ்டப்படி தர்மம் செய்யக்கூடிய ஒரே இடம் அதுதானே?

அதன்பிறகு நான் எழுந்து, இரண்டு வருஷத்துக்கு முன் நடந்த ஒன்றைப் பெயர் சொல்லாமல் சொன்னேன். சம்பந்தப்பட்ட பெண்ணின் சம்மதத்தோடு இங்கேயும் எழுதுகிறேன்.

காலியாக இருந்த பானை

வேறு மாவட்டத்திலிருந்து வந்து குடியிருந்த இளம் தம்பதி. முதல் குழந்தை பிறந்து ஒன்றரை மாதம். உதவிக்கு வந்திருந்த தாயார் ஊருக்குத் திரும்பிவிட்டார். கணவருக்கு ஷிப்டு வேலை. ஒரு சனிக்கிழமை போனபோது, "அடுத்த வாரம் தர்றேன்க்கா" என்றாள். அடுத்த வாரமும் அதையே சொன்னாள். மூன்றாவது வாரம் கதவைத் திறக்கவே நேரமாயிற்று. அடுப்பு மேடை துடைத்து வைத்தாற்போல் காய்ந்து கிடந்தது. ஓரத்தில் ஓட்டல் பொட்டலங்கள்.

"சமைக்கலையாம்மா?" என்று கேட்டதுதான் தாமதம், உடைந்து அழுதுவிட்டாள். குழந்தை தூங்கும்போதுகூடத் தனக்குத் தூக்கம் வருவதில்லை, சாப்பாடு இறங்கவில்லை, குழந்தையைத் தூக்கவே பயமாக இருக்கிறது என்றாள். "நான் நல்ல அம்மா இல்லக்கா" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அக்கம்பக்கத்தில் திருஷ்டி என்றார்களாம். சோம்பேறித்தனம் என்றும் சொன்னார்களாம்.

என்னோடு வந்தவர் நர்ஸாக இருந்து ரிட்டயர் ஆனவர். அவருக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. பிரசவமான முதல் சில நாட்களில் காரணமில்லாமல் அழுகை வருவது பல பெண்களுக்கு உண்டு. பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் தானே சரியாகிவிடும். அதைத் தாண்டியும் தூக்கமின்மை, பசியின்மை, குழந்தையிடம் ஒட்டுதல் இல்லாமை, 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்கிற எண்ணம் எல்லாம் நீடித்தால் அது ஒரு நோய். காய்ச்சல் மாதிரி அதற்கும் வைத்தியம் உண்டு. டாக்டரிடம்தான் போக வேண்டும். சாக வேண்டும் என்றோ, குழந்தைக்கு ஏதாவது செய்துவிடுவோம் என்றோ நினைப்பு வந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது, அவளைத் தனியாகவும் விடக் கூடாது. இதை எல்லாம் அவர் அன்றே கணவரைக் கூப்பிட்டு உட்கார வைத்து விளக்கினார். மாலையே டாக்டரிடம் போனார்கள்.

எங்கள் பங்குக்கு முறை போட்டுக்கொண்டோம். ஒருநாள் ஒரு வீட்டிலிருந்து ரசம் சாதமும் கறிவேப்பிலைத் துவையலும். மறுநாள் இன்னொரு வீட்டிலிருந்து இட்லி. மத்தியானம் ஒருவர் போய்க் குழந்தையை வைத்துக்கொள்ள, அவள் இரண்டு மணி நேரம் தூங்குவாள். முழுக்கத் தேற ஏழெட்டு மாதம் பிடித்தது. இப்போது நன்றாக இருக்கிறாள்.

"அன்னிக்கு நாம போனில் பணம் வாங்கிக்கிட்டிருந்தா என்ன ஆயிருக்கும்?" என்று கூட்டத்தில் கேட்டேன். கணவர் மாதம் தவறாமல் 150 ரூபாய் அனுப்பியிருப்பார். எங்கள் கணக்கில் அது ஒரு குறையும் இல்லாத வீடாகவே இருந்திருக்கும்.

பிடியரிசி தொடர்வது என்று முடிவாயிற்று. அந்தத் தம்பி சொன்னதிலும் நியாயம் இருந்ததால் சில மாற்றங்கள் செய்தோம். இட்லி அரிசிக்கும் பச்சரிசிக்கும் தனிப் பை. சர்க்கரை வியாதிக்காகச் சோற்றைக் குறைத்தவர்கள் ஒரு பிடி கேழ்வரகோ பருப்போ போடலாம். மாடி வீடுகளுக்கு இளம் பெண்கள். பணம் தர விரும்புகிறவர்கள் போனில் தரலாம். ஆனால் அந்த வீட்டுக்கும் சனிக்கிழமை போயே தீர வேண்டும்!

ஒரு பென்னியும் ஒரு பிடியும்

மெத்தடிஸ்ட் சபையின் வரலாற்றிலேயே இப்படி ஒன்று நடந்திருக்கிறது. 1742ல் இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்தில் ஜெப வீடு கட்டிய கடனை அடைக்க வேண்டியிருந்தது. ஒவ்வொருவரும் வாரம் ஒரு பென்னி கொடுக்கட்டும் என்றார் கேப்டன் ஃபாய் என்பவர். ஏழைகளால் முடியாதே என்றபோது, "ஏழைகள் 11 பேரை என்னிடம் விடுங்கள், அவர்களால் முடியாததை நான் போடுகிறேன்" என்ற கருத்தில் அவர் பேசினாராம். பென்னி வாங்க வாரா வாரம் வீடு வீடாகப் போனவர்களுக்கு, எந்த வீட்டில் நோய், எந்த வீட்டில் சண்டை, யார் குடிக்கிறார் என்பதெல்லாம் தெரியவந்தது. இதைத்தானே தேடிக்கொண்டிருந்தோம் என்று ஜான் வெஸ்லி பிடித்துக்கொண்டார். சபையைச் சிறு சிறு வகுப்புகளாகப் பிரித்து விசாரிக்கும் முறை அப்படித்தான் வேரூன்றியது.

அந்த வெஸ்லியின் தாயார் சூசன்னா 19 பிள்ளைகள் பெற்று, பலரைப் பறிகொடுத்து, மிஞ்சியவர்களுக்கு வீட்டிலேயே பாடம் சொல்லிக் கொடுத்தவர். 1712 வாக்கில், போதகரான கணவர் லண்டன் போயிருந்த சமயம், பிள்ளைகளோடு அவர் வீட்டில் நடத்திய ஞாயிறு ஜெபத்துக்கு அக்கம்பக்கத்தார் சுமார் 200 பேர் வந்துவிட்டார்களாம். பெரிய காரியங்கள் வீட்டுக்குள்ளிருந்தும் தொடங்கும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

நம் நாட்டிலேயே மிசோரம் பிரஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் 1910ல் பிடியரிசியைத் தொடங்கி இன்றுவரை விடாமல் எடுத்து வைக்கிறார்கள். இது கிறிஸ்தவர்களுக்கு மட்டும் சொந்தமும் இல்லை. காஞ்சிப் பெரியவர் பிடியரிசித் திட்டம் ஏற்படுத்தி, வீடுதோறும் சேரும் அரிசியைக் கோயிலில் சமைத்து ஏழைகளுக்குக் கொடுக்கச் சொன்னார். ஸ்ரீரங்கத்தில் எங்கள் பைகளைப் பார்த்த ஒரு மாமி, "எங்காத்துல எங்க மாமியாரும் இப்படித்தான் எடுத்து வெப்பா" என்று அதைப் பற்றி எங்களிடம் ஆசையாகப் பேசினார்.

நீங்களும் தொடங்கலாம்

எந்த மதமானால் என்ன? உங்கள் தெருவிலோ அடுக்குமாடிக் குடியிருப்பிலோ பத்து வீடு சேர்ந்தால் போதும்.

• ஈரமில்லாத மூடி போட்ட டப்பா வேண்டும். நாலைந்து காய்ந்த மிளகாயோ, நிழலில் உலர்த்திய வேப்பிலையோ போட்டு வைத்தால் வண்டு அண்டாது.

• வண்டு வந்துவிட்டால் நிழலில் பரப்பிப் புடைத்தெடுங்கள். சுள்ளென்ற வெயிலில் காயவைத்தால் அரிசி நொறுங்கும்.

• எப்போதும் இரண்டு பேராகப் போங்கள். ஒரே நாள், ஒரே நேரம் என்று வைத்துக்கொண்டால் எல்லோரும் எதிர்பார்த்திருப்பார்கள்.

• வீட்டுவாரிக் கணக்கு எழுதாதீர்கள். பானை காலி என்றால் காரணம் கேட்டுத் துளைக்காதீர்கள். அடுத்த வாரம் கட்டாயம் போங்கள்.

• பிள்ளை பெற்றவள், தனியாக இருக்கும் வயதானவர், ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர் இருக்கும் வீடுகளுக்கு முதலில் போங்கள்.

• மனசு சம்பந்தமான சிரமம் என்று தோன்றினால் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். அரசின் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம்.

இதற்கு நல்ல நாள் பார்க்க வேண்டாம், கமிட்டி கூட்ட வேண்டாம். இன்று இரவு உலை வைக்கும்போதே ஒரு பிடி எடுத்து வையுங்கள், சகோதரிகளே. சனிக்கிழமை அதை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள்!