மாட்டின் உள்தொடைத் தசைகளும் கொட்டகைத் தரையும்

நல்ல கறவைப் பசுவொன்று, ஈன்ற ஓரிரு நாளில் பின்னங்கால்கள் இருபுறமும் விரிந்து விழுந்து, மீண்டும் எழாமலே போவதைக் குடியானவர் பலர் கண்டிருப்பர். இதனை வாதமென்றும் கண்ணேறென்றும் சொல்லி விட்டுவிடுவது வழக்கம். உண்மைக் காரணம் பல சமயங்களில் உள்தொடைத் தசைகளிலும் கொட்டகைத் தரையிலுமே உள்ளது.

மாட்டின் பின்னங்காலை உடலை நோக்கி உள்ளே சேர்ப்பவை நான்கு தசைகள். தோலுக்கு அடுத்து அகன்ற தகடுபோல் இருப்பது கிராசிலிஸ். அதற்கு உள்ளே, முன்புறம் பெக்டினியஸும், பின்புறம் பருத்த அடக்டரும் உள்ளன. எல்லாவற்றிலும் ஆழத்தில், இடுப்பு மூட்டை ஒட்டியிருப்பது வெளி அப்டுரேட்டர் தசை. இந்நான்கும் இடுப்பெலும்பின் அடிப்புறத்தில் தொடங்குகின்றன. கிராசிலிஸ் முழங்காலுக்குக் கீழும், ஏனையவை தொடையெலும்பிலும் சென்று பொருந்துகின்றன. கால் வெளியே சறுக்காமல் பிடித்து நிறுத்துவது இவற்றின் வேலை. குதிரையின் இடுப்பு மூட்டில் உள்ள துணைத் தசைநார் மாட்டிற்கு இல்லை. ஆதலால் மாட்டிற்கு இத்தசைகளின் பிடிப்பு மிகவும் இன்றியமையாதது.

இத்தசைகளை இயக்கும் அப்டுரேட்டர் நரம்பு, இடுப்பெலும்பின் உட்சுவரை ஒட்டிச் செல்கிறது. பெரிய கன்று பிறப்புவழியில் சிக்கும்போது இந்நரம்பு எலும்போடு நசுங்குகிறது. ஆயினும், இந்நரம்பு மட்டும் பழுதடைந்த பசு, வழுக்காத தரையில் பெரும்பாலும் எழுந்து நடக்கும். வழுக்குத் தரையிலோ கால்கள் விரிந்து, தசை கிழியும். இடுப்பு மூட்டு பிசகுதலும் தொடையெலும்பு முறிதலும் உண்டு. அதன்பின் மருந்தால் ஆகக்கூடியது சொற்பமே.

விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர். மண்ணின்மேல் ஏற்றும் கண்ணாடிப் பூச்சு வழவழப்பாயிருப்பது பாத்திரத்திற்கு அழகு. மாட்டுக் கொட்டகைக்கு அதுவே கேடு. மெருகேற்றிய ஓடும், மழமழவென்று பூசிய சிமெண்டுத் தரையும், சாணமும் கோமியமும் படிந்தால் குளம்பிற்குப் பிடிப்புத் தரா.

ஆகையால் குடியானவர்கள் கவனிக்க வேண்டியவை:

1. சிமெண்டுத் தரையில் 4 சென்டிமீட்டருக்கு ஒன்றாக, 1 சென்டிமீட்டர் அகலமுள்ள வரிப்பள்ளங்கள் இடுக. 40 அடிக்கு 1 அடி வாட்டம் போதும்.

2. சினைமாட்டை ஈனுவதற்கு முன்பே மண் தரைக்கு மாற்றி, வைக்கோல் பரப்புக.

3. கன்று சிக்கினால் பலர் கூடி இழுக்கலாகாது. கால்நடை மருத்துவரை அழைக்கவும். 1962 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணும் உண்டு.

4. கால் விரியும் பசுவின் பின்னங்கால்களை, இயல்பாக நிற்கும் அகலத்திற்குமேல் விரியாதபடி, மெத்தென்ற பட்டையால் தளர்வாகப் பிணைக்கவும்.

5. விழுந்த மாட்டை வாலையும் காலையும் பற்றி இழுக்கலாகாது. மணல் அல்லது வைக்கோற்படுக்கையில் கிடத்தி, 3 அல்லது 4 மணிக்கொருமுறை புரட்டிவிடவும். ஒரே பக்கம் நெடுநேரம் கிடந்தால் அடியிலுள்ள தசை இரத்த ஓட்டமின்றிக் கெடும்.

சுண்ணாம்புச்சத்துக் குறைவால் வரும் பால்காய்ச்சலிலும் மாடு இவ்வாறே படுத்துவிடும். அதற்கு உடனே சிகிச்சை தேவை. எனவே காரணத்தைத் தாமே தீர்மானித்துக் காலங்கடத்த வேண்டாம். கிராம நிர்வாக அலுவலர்களும் இதனைக் குடிகளுக்கு எடுத்துரைப்பாராக. தரையில் வரி போட ஒரு நாள் கூலி செல்லும். போடாவிடின் ஒரு பசுவே போகும்.