குழந்தையைத் தனி அறையில் எப்போது உறங்க வைக்கலாம்? மருத்துவ அமைப்புகள் கூறுவது என்ன?

பிச்சாட்டூர்: ஆந்திர மாநிலம் திருப்பதி மாவட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டியுள்ள பிச்சாட்டூர் போன்ற ஊர்களில் கைக்குழந்தை தாயின் அருகிலோ, தூளியிலோ உறங்குவதே வழக்கம். குழந்தைக்குத் தனி அறை என்ற பேச்சே பல வீடுகளில் எழுவதில்லை. ஆனால், நகரங்களில் குடியேறிய இளம் பெற்றோர், குழந்தையை எப்போது வேறு அறைக்கு மாற்றுவது என்ற கேள்வியை எதிர்கொள்கின்றனர்.

முதல் 6 மாதங்கள் ஏன் முக்கியம்?

அமெரிக்கக் குழந்தைகள் நல மருத்துவ அகாதெமி 2022-ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, குறைந்தது முதல் 6 மாதங்களுக்குக் குழந்தை பெற்றோரின் அறையிலேயே, ஆனால் தனிப் படுக்கையில் உறங்க வேண்டும். பிரிட்டன் தேசிய சுகாதார சேவையும் முதல் 6 மாதங்களுக்கு ஒரே அறையில் உறங்குவதையே பரிந்துரைக்கிறது.

உறக்கத்தில் காரணம் தெரியாமல் நேரும் திடீர் சிசு மரணங்களில் சுமார் 90 சதவீதம் 6 மாதங்களுக்குள் நிகழ்வதே இதற்குக் காரணம். ஒரே அறையில் தனிப் படுக்கையில் உறங்குவது இந்த அபாயத்தை 50 சதவீதம் வரை குறைக்கக்கூடும் என்று அகாதெமி கூறுகிறது. இரவில் தாய்ப்பால் கொடுப்பதும் எளிதாகிறது.

மாற்றுக் கருத்து

2017-இல் 'பீடியாட்ரிக்ஸ்' இதழில் வெளியான ஆய்வு இவ்விவாதத்தின் மறுபக்கத்தைக் காட்டியது. 4 மாதத்திலேயே தனி அறையில் உறங்கத் தொடங்கிய குழந்தைகள், 9 மாத வயதிலும் பெற்றோர் அறையில் உறங்கிய குழந்தைகளைவிட இரவில் சராசரியாக 40 நிமிடங்கள் கூடுதலாக உறங்கியதாக அதில் தெரியவந்தது. எனினும், உறக்க நேரத்தைவிடப் பாதுகாப்பே முதன்மையானது என்பதால், 6 மாத வரம்பை அகாதெமி கைவிடவில்லை.

எப்படி மாற்றுவது?

6 மாதங்களுக்குப் பின் அவசரம் தேவையில்லை. பெற்றோரைப் பிரிய அஞ்சும் மனநிலை பொதுவாக 10 முதல் 18 மாதங்களுக்குள் உச்சமடையும் என்பதால், அக்காலத்தில் அறையை மாற்றினால் அழுகை மிகலாம். முதலில் பகல் உறக்கத்தை மட்டும் புதிய அறையில் பழக்கலாம். குளியல், பால், தாலாட்டு என்ற வழக்கமான வரிசையை மாற்றக் கூடாது. குழந்தையின் அழுகை பெற்றோருக்குக் கேட்க வேண்டும். குறைமாதக் குழந்தைகளுக்கு மருத்துவரின் ஆலோசனை அவசியம்.

தனி அறை இல்லாத வீடுகளில்

ஒரே அறை கொண்ட வீடுகளில் அறையைவிடப் படுக்கையே முக்கியம். குழந்தையை மல்லாந்த நிலையில், உறுதியான, சமதளமான படுக்கையில் கிடத்த வேண்டும். தலையணை, கனத்த போர்வை, பொம்மைகள் அருகில் இருக்கக் கூடாது. 10 பாகைக்கு மேல் சரிந்த படுக்கை உறக்கத்திற்குப் பாதுகாப்பானதல்ல. தூளியில் துணி வளைந்து குழந்தையின் தாடை மார்பில் அழுந்தினால் மூச்சு தடைபடக்கூடும் என்பதால், குழந்தை உறங்கியதும் சமதளத்திற்கு மாற்றுவது நல்லது.

புகைபிடித்தவர், மது அருந்தியவர், உறக்க மாத்திரை உட்கொண்டவர் ஆகியோர் குழந்தையுடன் ஒரே படுக்கையில் உறங்கக் கூடாது. பால் கொடுத்தபடியே சோபாவில் கண்ணயர்வது மிகவும் ஆபத்தானது.