மாதிரி கார்களில் கண்ணாடிப் பளபளப்பு: மழைக்காலத்தில் ஸ்பிரே பெயின்ட் வெளுப்பது ஏன்?

மும்பை, கொச்சி போன்ற கடலோர நகரங்களில் பருவமழைக் காலத்தில் மாதிரி கார், விமானங்களுக்கு லாக்கர் வகை ஸ்பிரே பெயின்ட் அடித்தால், பளபளப்புக்குப் பதிலாக வெண்படலம் படிவதுண்டு.

பெயின்ட்டில் உள்ள கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது. அதில் காற்றின் ஈரப்பதம் நுண்துளிகளாகப் படிவதே இதற்குக் காரணம். லேசான வெண்படலம் எனில், வறண்ட நாளில் மீண்டும் மெல்லிய பூச்சு அடித்தால் மறையக்கூடும்.

டப்பாவை வெகு தொலைவில் பிடித்தால் துளிகள் வழியிலேயே உலர்ந்து பரப்பு சொரசொரப்பாகும். மிக அருகில் பிடித்தால் பெயின்ட் வழிந்துவிடும். எனவே, சுமார் 20 முதல் 25 செ.மீ. தொலைவில் இருந்து மெல்லிய பூச்சுகளாக அடிக்க வேண்டும். முழுமையாக உலர்ந்த பின்னர், 2000 எண் உப்புத்தாளை நீரில் நனைத்து மென்மையாகத் தேய்த்து, பாலிஷ் இட்டால் பரப்பு கண்ணாடிபோல் மின்னும்.