முதலில் விடை, பிறகு நிரல்

வடக்கனந்தலை ஒட்டிய கச்சிராயபாளையத்தில் கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கிறது. அப்படியோர் ஆலைக்குக் கரும்பு விலை கணக்கிடும் மென்பொருளை எழுதப்போகிறோம் என்று வைத்துக்கொள்வோம். 2024-25 பருவத்துக்கு மத்திய அரசின் விதி இது: சர்க்கரை கட்டுமானம் (கரும்பிலிருந்து கிடைக்கும் சர்க்கரையின் அளவு) 10.25 சதவீதம் என்றால் டன்னுக்கு 3,400 ரூபாய். 0.1 கூடினால் 33.20 ஏறும், குறைந்தால் அதே அளவு இறங்கும். 9.5-க்குக் கீழே போனால் மேற்கொண்டு பிடித்தம் கிடையாது, 3,151 நிச்சயம்.

நிரலை எழுதிவிட்டுச் சரிபார்ப்பதுதான் வழக்கம். சோதனைவழி உருவாக்கத்தில் அது தலைகீழ். "10.25 கொடுத்தால் 3,400 வரவேண்டும்" என்ற சோதனையை முதலில் எழுதி ஓட்டுகிறோம். நிரலே இல்லையே, திரையில் தோல்வியைக் காட்டும் சிவப்புதான் வரும். வரத்தான் வேண்டும்! நிரல் இல்லாமலே பாஸ் ஆகிற சோதனை எதையும் சோதிக்கவில்லை. பிறகு, சோதனை பாஸ் ஆகிப் பச்சை வருமளவுக்கு மட்டும் நிரல். வெறுமனே 3,400 என்று எழுதிவைத்தாலும் இப்போதைக்குத் தப்பில்லை; 10.35-க்கு 3,433.20 கேட்கும் அடுத்த சோதனை அந்தக் குறுக்குவழியை அடைத்துவிடும். பச்சை வந்தபின் நிரலைச் சீர்செய்யலாம்.

சுவாரசியமான இடம் 9.2. வெறும் கழித்தல் 3,051.40 என்று சொல்லும். விவசாயிக்கு டன்னுக்கு 99.60 ரூபாய் நஷ்டம். 3,151 என்று முன்கூட்டியே எழுதிய சோதனை அதை அங்கேயே பிடித்துவிடும். விதியையே தப்பாகப் படித்திருந்தால் மட்டும் சோதனையும் சேர்ந்து ஏமாறும்.

சோதனைவழி உருவாக்கத்தைப் பரப்பியவர் அமெரிக்கரான கென்ட் பெக். பழைய முறையை மீண்டும் கண்டெடுத்ததாகத்தான் அவரே சொல்வார்.

2025-26-க்கு விலை 3,550 ஆனது. முதலில் சோதனையின் எண்களை மாற்ற வேண்டும். சிவப்பு வந்ததும் நிரலில் கைவைக்கலாம்.