வாசிப்பும் எழுத்தும் இணைந்தே வளரும்

“நன்றாகப் பேசுகிறான், எழுதத்தான் மறுக்கிறான்” என்று பெற்றோர் எங்களிடம் வருந்துவதுண்டு. அவர்களுக்கு நாங்கள் முதலில் கூறுவது, வாசிப்பும் எழுத்தும் ஒன்றையொன்று தாங்கி வளர்பவை என்பதே.

‘கெண்டை’ என்னும் சொல்லில் கண் முதலில் காண்பது கொம்பு. வாய் முதலில் ஒலிப்பதோ ‘க்’. இவ்வேறுபாட்டைக் குழந்தை ஒலித்துக்கொண்டே எழுதும்போது தெளிகிறது. பின்னர் வாசிப்பும் எளிதாகிறது. அவ்வாறே, ‘பள்ளி’, ‘பல்லி’ ஆகியவற்றைப் பொருளறிந்து பலமுறை வாசித்த குழந்தை, அவற்றைப் பிழையின்றி எழுதப் பழகுகிறது.

ஆகவே நாள்தோறும் பத்து நிமிடம் குழந்தையுடன் சேர்ந்து வாசியுங்கள். வாசித்ததில் ஒரு வரியை எழுதச் சொல்லுங்கள். தொடக்கத்தில் பிழைகள் இயல்பே. பிழையை அடித்துத் திருத்துவதினும், அச்சொல்லை மீண்டும் சேர்ந்து வாசிப்பது நன்று.

இரண்டாம் வகுப்பு முடிந்தும் எளிய சொற்களில் தடுமாறும் குழந்தையைச் சோம்பேறி எனக் கடியாதீர்கள். முதலில் கண்பார்வையையும் செவித்திறனையும் பரிசோதிக்க வேண்டும். அவை சீராக இருப்பின், கற்றல் குறைபாடு உள்ளதா என மதிப்பிட வேண்டும். அக்குறைபாடு அறிவுக் குறைவன்று. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் ஏற்றுள்ளது. உரிய பயிற்சியை விரைவில் தொடங்கினால் குழந்தை முன்னேறும். தயங்காது எங்களை அணுகுங்கள்.